ஊமை மெஷின்

தேனிக்கு இரும்பு அறுக்கும் மெஷின் வாங்கப் போனபோது மாமா துணைக்கு அழைத்துக்கொண்டு போனது என்னை. மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமியை. கூடலூர் பஜாரில் உரக்கடை வைத்து, வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அப்பா வீட்டில் இருந்தார். பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரர்களைக் கும்பிட வைக்கிற அம்மா இருந்தாள். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, பாவாடை சட்டையோடு என்னைக் கிளப்பிக்கொண்டு மாமா பஸ் ஏறினார். அக்கா மகள்மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜன்னலோர இடம் எனக்கே எனக்கு என்றானதும் அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது.

பாசம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது என் காது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பத்தாவது முடித்த கையோடு குமுளியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்குக் கம்பிக் கேரியர் அடிப்பதுதான் அங்கே முக்கிய வேலை. தகரக் கூரை போட்ட ஒடுக்கமான கொட்டகை. அதற்குள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கட்டிங் மெஷின் ஓடும். எல்லாப் பட்டறையிலும் இருக்கிற மெஷின்தான் அது. தட்டு மாதிரி ஒரு கல் சக்கரம் சுழன்றுகொண்டே இறங்கி இரும்பைத் தொட்டதும் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கூடவே பொறி பறக்கும். அந்தச் சத்தத்துக்குள் வாலிபத்தில் பாதியைக் கழித்துவிட்டு, ஒருநாள் மாமா வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை போடப்போவதாகச் சொன்னார். தம்பிக்குப் புத்தி வந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். உடனே அவருக்குப் பெண் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையில் நடந்தது வேறு. மதுரையில் ஒரு காது டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் மாமா போய்வந்திருந்தார். உள்ளே நரம்பு தேய்ந்துவிட்டது, போனது திரும்பாது, சத்தத்தை விட்டு விலகினால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது எங்களுக்கெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அப்போது மாமா ஒருவருக்குத்தான் தெரியும். பெண் பார்க்கிற நேரத்தில் மாப்பிள்ளைக்குக் காது மந்தம் என்று பேச்சுக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். கம்பத்திலிருந்து தேனிவரை ஒரு வீட்டிலும் காபித் தட்டு வெளியே வராது. அவர் கற்றிருந்தது இரும்பு வேலை ஒன்றுதான். அதையும் விடாமல், மிச்சக் காதையும் இழக்காமல், விஷயமும் வெளியே போகாமல் பிழைக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி, சத்தம் போடாத ஒரு மெஷினை வாங்குவது.

பஸ் சின்னமனூரைத் தாண்டியதும் மாமா எனக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கிளிப்பிள்ளை விளையாட்டு. கடைக்காரர் எதைச் சொன்னாலும் நான் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கடைக்காரரைப் பார்த்து அல்ல, மாமாவின் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக. ஒரு வார்த்தை விடாமல் சொன்னால் திரும்பும்போது பால்பன் வாங்கித்தருவார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்க என்னைத்தான் முதலில் எழுப்புவார்கள். அப்படிக் கணீரென்ற குரல். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு பால்பன்னை அப்போதே மனதுக்குள் தின்னத் தொடங்கிவிட்டேன்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் மோட்டாரிலிருந்து மருந்தடிக்கும் மெஷின்வரை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனுஷர், வெற்றிலை போட்ட வாய். மாமா விஷயத்தைச் சொன்னதும் கட்டிங் மெஷினைக் காட்டி, கேரியர் வேலைக்கு இதை விட்டால் வேறு கிடையாது, நினைத்த நேரத்தில் துண்டு விழும் என்றார். நான் மாமாவின் பக்கம் திரும்பி, நினைத்த நேரத்தில் துண்டு விழும் என்றேன். சக்கரம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றேன். பிள்ளை ரொம்ப வாயாடி போல என்று அவர் மாமாவிடம் சொன்னார். அதையும் நான் மாமாவிடம் சொன்னேன். மாமா சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

பிறகு ஒரு பைப்பை வைத்து ஓட்டிக் காட்டினார். பொறி கடை வாசல்வரை பறந்தது. தீபாவளியே கடைக்குள் வந்துவிட்டது எனக்கு. குதித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணவில்லை. தெருவில் போய் நின்றுகொண்டு எதிர்க்கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றபிறகுதான் உள்ளே வந்தார். கடைசி மூலையில் தார்ப்பாய் மூடியிருந்த ஒன்றைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்த பேண்ட் சா அது. நாடா மாதிரி வளையமாகச் சுற்றும் ரம்பப் பட்டை. அதைத் தாங்குகிற ஒரு சட்டம். இரும்பைக் கிடுக்கியில் மாட்டிவிட்டால் சட்டம் தன் கனத்திலேயே மெல்ல இறங்கி அறுக்கும். அறுத்து முடித்ததும் தானே நின்றுவிடும். கடைக்காரர் நியாயமாகவே பேசினார். இது சோம்பேறி மெஷின் தம்பி, காலேஜ் பிள்ளைகள் படிக்கிற ஒர்க்ஷாப்புக்குச் சரி, தொழிலுக்கு ஆகாது என்றார். நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மாமா அதை ஓட்டச் சொன்னார்.

மெஷின் ஓடியது. வெள்ளை வெளேரென்று பால் மாதிரி ஒரு தண்ணீர் பட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பொறிகூட வரவில்லை. மாமா கிடுக்கியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து கேட்டார்.

"ஆத்தா, இங்கன பாரு. இது எம்புட்டுச் சத்தம் போடுது?"

"நம்ம வீட்டு மிக்ஸி அளவுக்குக்கூட இல்ல மாமா." என் ஏமாற்றத்தை நான் மறைக்கவில்லை.

"நான் பேசுறது ஒனக்கு நல்லாக் கேக்குதா?"

"கேக்குதே."

அவர் நிமிர்ந்து கடைக்காரரிடம் இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் எத்தனையோ பேர் நகை வாங்குவதையும் மாடு வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பொருளை வாங்கிய சந்தோஷம் ஒரு மனிதரின் முகத்தில் அப்படித் தெரிந்து நான் பார்த்ததில்லை. பால்பன் ஒன்றுக்கு மூன்றாக வந்தது.

மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து பட்டறையில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. வீட்டுப்பாடத்தை அங்கேதான் எழுதுவேன். மாமா நான்கைந்து ஆங்கிள் கம்பியைச் சேர்த்துக் கிடுக்கியில் மாட்டி, சுவிட்சைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் வெல்டிங் வைப்பார். மெஷின் தன்பாட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்கும். அறுத்த முனை வெண்ணெயில் கத்தி போனது மாதிரி வழுவழுவென்று இருக்கும்; ராவ வேண்டிய வேலையே இல்லை. மெல்லிய பைப்புக்கு நெருங்கிய பல் உள்ள பட்டையை மாட்டுவார். ஏன் என்று கேட்டால், பேனெடுக்க ஈர்கொல்லிச் சீப்புத்தானே வேண்டும், கொண்டைச் சீப்பால் எடுக்க முடியுமா என்பார். ஜீப்புக்காரர்கள் யாராவது வந்தால் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிளிப்பிள்ளையாவேன். அது எங்கள் விளையாட்டு, எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அவர் மச்சினன்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனாலேயே அந்த மெஷினை அவரால் சகிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற சாலை குமுளி சாலை. விடிவதற்குள் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும், சாயங்காலம் இறங்கும். அந்தச் சாலையில் பட்டறை வைத்திருக்கிற யாருக்கும் போர்டு கிடையாது. கட்டிங் மெஷினின் அலறல்தான் போர்டு. அது கேட்டால் ஆள் இருக்கிறார், வேலை நடக்கிறது என்று டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள். கேட்காவிட்டால் பட்டறை பூட்டிக்கிடக்கிறது என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் பட்டறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மிக்ஸி அளவுக்குக்கூடச் சத்தம் வராது என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன்; அப்பா அதற்கு ஊமை மெஷின் என்று பெயர் வைத்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது நேராகவே சொன்னார்.

"மாப்ள, பட்டறைன்னா ரோட்டுல போறவனுக்குக் கேக்கணும்ல. இது ஓடுதா ஒறங்குதான்னு வீட்டுக்குள்ள இருக்கற எனக்கே தெரியலையே."

மாமா சிரித்துவிட்டு, போகப்போக ஆள் வருவார்கள் மச்சான் என்றார். வரவும் செய்தார்கள், மெதுவாக. அறுத்த முனையின் சுத்தத்தைப் பார்த்துவிட்டுக் கேட் செய்யச் சொல்லி கம்பத்திலிருந்தே ஒருவர் தேடி வந்தார். ஆனால் அப்பாவுக்குப் பொறுமை இல்லை. ஏனென்றால் அதற்குள் சுருளிப்பட்டியில் ஒரு பெண் அமைந்துவிட்டது. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். பெண்ணுக்கு மாமாவைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும், மாப்பிள்ளையின் பட்டறையை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டுக் கை நனைக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

மாமா அந்தக் கேட்டைப் பொருத்தக் கம்பத்துக்குப் போயிருந்த சமயத்தில், அப்பா ஒரு வண்டியைப் பிடித்து ஊமை மெஷினை ஏற்றினார். தேனிக் கடைக்காரர் அப்பாவுக்கும் பழக்கம்தான். விவரம் தெரியாத பையன், கூட ஒரு சின்னப்பிள்ளை, வசமாகத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று உரிமையோடு சண்டை போட்டிருக்கிறார். கடைக்காரர், நான் அப்போதே படித்துப் படித்துச் சொன்னேன், பாப்பாவை வேண்டுமானால் கேளுங்கள் என்று சொல்லி, மெஷினை எடுத்துக்கொண்டு கட்டிங் மெஷினைக் கொடுத்துவிட்டார். அப்பா வரும்போதே ஜெயித்த முகத்தோடு வந்தார். அம்மா புது மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மாமாவுக்குத் தெரிந்தால் அசந்துபோவார் என்று வீடே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. நானும்தான்.

மாமா சாயங்காலம் வந்தார். வாசலில் நாங்கள் எல்லோரும் நிற்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனார். ஊமை மெஷின் இருந்த இடத்தில் சிமெண்டில் போல்ட் குழிகள் மட்டும் இருந்தன. சொட்டிக் காய்ந்த வெள்ளைக் கறை இருந்தது. பக்கத்தில் மாலையும் கழுத்துமாகக் கட்டிங் மெஷின். மாமா அந்தக் குழிகளைப் பார்த்தபடியே நின்றார். அம்மா அவருக்கு முன்னால் போய், வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டுக்காரக வர்றாக, ஒன் மச்சான் தேனிக்கு அலைஞ்சு மாத்திட்டு வந்திருக்காக என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சந்தோஷத்தில்.

அந்த இடத்தில் மாமா என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த மெஷின் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் வெள்ளிக்கிழமை இல்லை. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்று மூன்று வார்த்தை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்று வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை.

"நல்லாருக்கு மச்சான்" என்றார்.

வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே மெஷின் சத்தம் கேட்டதாகவும், வழி கேட்கிற வேலையே இல்லாமல் நேராக வந்துவிட்டதாகவும் மெச்சிக்கொண்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், உன் மிக்ஸி இதைச் செய்யுமா என்கிற மாதிரி. மாமா காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் மெஷினை ஓட்டுவார். அன்று வந்தவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பஞ்சை எடுத்துவிட்டு, அவருக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். கல்யாணம் அடுத்த முகூர்த்தத்திலேயே முடிந்தது.

தொழிலும் வளர்ந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அப்பாவுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். ஜீப்புகள் வரிசையில் நின்றன. மாமாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நான் பெரிய வகுப்புக்கு வருவதற்குள் முழுக்கப் போய்விட்டது. இப்போது அவருக்கு அந்த மெஷின்கூடக் கேட்காது; தரை அதிர்வதை வைத்துத்தான் அது ஓடுவது தெரியும் என்பார். ஊரில் செவிட்டு வெல்டர் என்றால் சின்னப்பிள்ளையும் எங்கள் வீட்டைக் காட்டும்.

அத்தை வந்த சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாத மனுஷன், முன்னால் வந்தால் மட்டும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார் என்று. சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் சொல்லவில்லை. தோளைத் தொட்டுப் பேசப் பழகிக்கொண்டார். மதுரை டாக்டர் விஷயத்தை மாமா அவரிடம்தான் முதலில் சொன்னார். காது முழுக்கப் போனபிறகு அத்தைதான் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று அம்மா அழுதபோது அத்தை ஒன்று சொன்னார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா, அந்த ஊமை மெஷினையும் சேத்துத்தான மதினி கட்டிக்கிட்டிருப்பேன்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் தேனிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அது எப்போதோ யாருக்கோ போய்விட்டது என்றார்களாம். போயிருக்காவிட்டாலும் அப்போது அது எதற்கு ஆகப்போகிறது. அன்றிலிருந்து அப்பா மாமாவிடம் பேசும்போது மட்டும், உரக்கடையில் கத்திக் கத்திப் பழகிய மனுஷர், வாயை மெல்லத் திறந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவார். மாமா அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருதடவைகூடத் திட்டவில்லை.

புது மெஷினில் முதல் துண்டு அறுப்பதற்கு முன்னால் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. அம்மா சூடம் காட்டியதும் அப்பா வயரில் தொங்கிய சுவிட்சை மாமாவின் கையில் கொடுத்தார். நான் பொறி பார்க்கிற ஆசையில் மெஷினை ஒட்டிப் போய் நின்றுகொண்டேன். மாமா சுவிட்சைக் கீழே வைத்தார். என் தோளைப் பிடித்துத் திருப்பி, வீட்டைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கத் தெருக்குழாய்வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். பிடி வலித்தது. அங்கே என்னை நிறுத்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"இது ஓடுறப்ப நீ பட்டறைப் பக்கமே வரக் கூடாது. இனிமே அங்கன ஒனக்கு வேலை இல்ல."

என் புத்தகப் பையையும் பின்னாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் மிக்ஸி என்று சொன்னது தப்பாகிவிட்டது, அதனால்தான் மெஷினும் போயிற்று, மாமாவுக்கு இனி என்னைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். சுவருக்கு மேலே பொறி தெரிந்தது. அவ்வளவு தூரத்திலும் அந்தச் சத்தத்தில் காது கூசியது. எனக்கு இன்றைக்கும் காது நன்றாகக் கேட்கிறது. அன்று நான் தெருக்குழாயடியில் உட்கார்ந்து, மாமா என்னை விரட்டிவிட்டார் என்று அழுதேன்.